பேன் உள்ளவர்கள் வர வேண்டாம்

நாலு வருடங்களுக்கு முன், ஒரு மாரி காலத்தில், நெடுந்தீவில் நடந்தது இது. அப்போது நான் அங்கே ஒரு சின்னப் பாடசாலையில் இரண்டாம் வகுப்பு ஆசிரியர். சொந்த ஊர் சரவணை. திங்கட்கிழமை விடியக் குறிகட்டுவானில் படகு ஏறினால், வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் திரும்பி வீட்டுக்கு. இடைப்பட்ட நாட்களில் ஆசிரியர் விடுதியில் ஒரு கட்டில், பூட்டாத ஓர் அலுமாரி, அதன் கதவில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் முன் நான் செலவழித்த நேரம் கொஞ்சநஞ்சமில்லை. எனக்கு அப்போது நல்ல அடர்த்தியான சுருட்டை முடி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். பதினொரு பெண்பிள்ளைகள், எட்டு ஆண்பிள்ளைகள். வரவு எழுதும் இடாப்பில் பத்தொன்பது பேர் இருந்தாலும் வகுப்பில் பத்தொன்பது பேரை அதுவரை நான் ஒரு நாளும் ஒன்றாகக் கண்டதில்லை. வராததற்குக் காரணம் எழுதிய கடிதங்கள் மட்டும் ஒழுங்காக வரும். பிள்ளைக்கு வயிற்றுக்குத்து. பிள்ளைக்குக் காதுக்குத்து. மாடு கன்று போட்டது. மழை வரும் போல இருந்தது. ஒரு பெடியன் தானே எழுதிக்கொண்டு வந்தான்: “எனக்குக் காச்சல். இப்படிக்கு, என்ரை அம்மா.” நான் ‘காச்சல்’ என்பதைச் சிவப்புப் பேனையால் திருத்தி, அதே கடிதத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவு கண்டிப்பான ஆசிரியர் நான்.

ஒரு நாள் ஒரு பிள்ளையின் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘அம்மா’ என்ற சொல்லின் மேல் நான் எதிர்பாராத ஒரு புள்ளி. அழிக்கப் பார்த்தேன். புள்ளி நடந்து ‘ஆடு’ பக்கம் போனது.

பேன்.

கதிரையோடு பின்னுக்குப் போனேன். அன்று மத்தியானமே ஓர் அறிவித்தல் எழுதினேன். எழுதுவதில் எனக்கு எப்போதும் ஆர்வம். “தலையில் பேன், ஈர் உள்ள மாணவர்கள், அவை முற்றாக நீங்கிச் சுத்தமாகும் வரை பாடசாலைக்கு அனுப்பப்படக் கூடாது என்பதைப் பெற்றோர்களுக்கு இத்தால் அறியத் தருகின்றேன்.” அந்த ‘இத்தால்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாடசாலை அதிபரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த மனிதர். மூக்குக் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை.

“உமக்குச் சரியெண்டால் ஒட்டும்,” என்றார்.

வாசலில் ஒட்டினேன். பிள்ளைகள் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன்.

அடுத்த கிழமை வகுப்பில் பாதி வாங்கு காலி. கடிதங்கள் கூடின. எல்லாமே வயிற்றுக்குத்து. ஊரில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிற்றோ என்று நினைத்தேன். அதே கிழமையில் ஐந்து பெடியன்கள் மொட்டைத் தலையோடு வந்தார்கள். எந்தக் கோயிலுக்கு நேர்த்தி என்று கேட்டேன். ஐந்து பேரும் மொட்டையைத் தடவிக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரப் பிள்ளைகள் என்பதுகூட என் மண்டையில் ஏறவில்லை. என் மண்டையில் அப்போது வேறு ஏதோ ஏறியிருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கும் அந்த நாட்களில் தலை கடித்தது. நெடுந்தீவுத் தண்ணீர் உவர். வெளியூரார் குளித்தால் தலை கடிக்கும், பொடுகு வரும் என்று விடுதியில் எல்லோரும் சொல்வார்கள். கடித்தால் சொறிவேன். சொறிந்த பின் கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொள்வேன்.

அந்த வருடம்தான் தீவு வைத்தியசாலையிலிருந்து ஒரு தாதியைக் கிழமையில் ஒரு நாள் பாடசாலைகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். குள்ளமான உருவம், பெரிய குரல். தீவில் எல்லோரும் அவரை மிஸ் என்றே கூப்பிடுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் எங்கள் பாடசாலைக்குச் சைக்கிளில் வந்து இறங்கினார். தோளில் ஒரு கறுப்புப் பை.

அன்று என் வகுப்புக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஏழு பெடியன்கள், இரண்டு பெண்பிள்ளைகள். மிஸ் வாசலுக்கு வந்து சிரித்தார். ஒரு மொட்டைத் தலை பையைப் பார்த்தது.

“ஊசி!”

அவ்வளவுதான். எங்கள் வகுப்பறைக்குச் சுவர் அரைவாசிதான். ஒன்பது பேரும் ஒரே மூச்சில் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். வாசல் பக்கம் ஒருவர்கூடப் போகவில்லை. நான் “இருங்கோ, இருங்கோ” என்று கத்தியது வெறும் வாங்குகளுக்குத்தான் கேட்டது.

மிஸ் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார்.

“பத்தொன்பது பிள்ளையள் எண்டு அதிபர் சொன்னவர். இஞ்சை ஒரு சோடிச் செருப்புத்தான் கிடக்கு, சேர்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தடியை எடுத்துக்கொண்டு தேடப் புறப்பட்டேன். அவர் தடுத்துவிட்டார். பையைத் திறந்து, அதிலிருந்த எல்லாவற்றையும் என் மேசையில் கொட்டினார். ஒரு சீப்பு, நகம் வெட்டி, காய்ச்சல் பார்க்கும் கருவி, பஞ்சு, ஒரு துவாய், இரண்டு விசுக்கோத்துப் பக்கற். பிறகு மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே கடலைப் பார்த்தபடி நின்றார். ஐந்து நிமிடத்தில் அரைச்சுவருக்கு மேலே ஒரு தலை எழுந்தது. பிறகு இன்னொன்று. தைரியசாலி ஒருவன் உள்ளே வந்து, பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்துவிட்டு அறிவித்தான்: “ஊசி இல்லையடா!”

எல்லோரும் திரும்பி வந்தார்கள். விசுக்கோத்து முடியும்வரை இருந்தார்கள். நகம் வெட்டக் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். என் தடியைக் கண்டு ஒருநாளும் அப்படி ஒரு வரிசை வந்ததில்லை.

பாடசாலை விட்டதும் மிஸ் இடாப்பைக் கேட்டார். நான் பெருமையோடு கொடுத்தேன். வராதவர்களுக்குச் சிவப்பு வட்டம், வந்தவர்களுக்கு நீலக் கோடு, எல்லாம் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தது போல இருக்கும். அவர் அழகைப் பார்க்கவில்லை. விரலை ஒவ்வொரு பெயராக ஓட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இதுவரைக்கும் பெடியனும் பெட்டையும் ஒரே அளவிலைதான் நிண்டிருக்கினம். இந்தத் திகதிக்குப் பிறகு பெட்டையளை வரிசையாய்க் காணேல்லை. அண்டைக்கு என்ன நடந்தது, சேர்?”

எனக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. திகதியைப் பார்த்தேன். பிறகு உற்சாகமாக, “ஓ, அது நான் அறிவித்தல் ஒட்டின நாள்,” என்று சொல்லி, வாசலுக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“நல்ல வடிவாய் எழுதியிருக்கிறியள்,” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “சைக்கிள் இருக்கோ? வாங்கோ, வீடுகளுக்குப் போவம்.”

நெடுந்தீவின் குறுகிய ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் பவளக்கல் அடுக்கிய வேலிகள். எதிர்க்காற்று. என்னைவிடப் பதினைந்து இருபது வயது மூத்த அந்த மனுசி முன்னால் பறந்துகொண்டிருந்தார். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டும், ஒரு கையால் தலையைச் சொறிந்துகொண்டும் போனேன்.

முதல் வீட்டில், கடிதப்படி கடும் வயிற்றுக்குத்தில் கிடந்த பிள்ளை, கல்வேலியின் மேல் ஏறி இருந்து பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கிழங்கை எறிந்துவிட்டு உள்ளே ஓடிப் பாயில் படுத்துக்கொண்டது. தாய் வெளியே வந்து, பிள்ளை மூன்று நாளாய் எழும்பவில்லை என்றார். மிஸ் பிள்ளைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, “எங்கையம்மா நோகுது?” என்று கேட்டார். பிள்ளைக்கு விடை தெரியவில்லை. தாயைப் பார்த்தது. தாய் எங்களுக்குத் தெரியாமல் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

“அம்மாவுக்கு வயித்துக்கை நோகுதாம்,” என்றது பிள்ளை.

மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். தாயும் சிரிக்கத் தொடங்கி, அது நடுவில் அழுகையாக மாறிவிட்டது. பிள்ளையின் தலைமுடியை விலக்கிக் காட்டினார்.

“நானும் எண்ணெய் வைச்சு, வாரி, என்னவெல்லாமோ செய்து பாத்திட்டன் மிஸ். முற்றாய்ப் போனால்தான் விடுவன் எண்டு சேர் எழுதியிருக்கிறார். பேன் எண்டு எழுதினால் வாசிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதுதான் வயித்துக்குத்து எண்டு எழுதினனான்.”

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் வேலியில் இருந்த காகத்தைப் பார்த்தேன்.

மிஸ் அந்தத் தாய்க்கு ஒன்றுதான் சொன்னார். பேன் வீட்டுச் சுத்தத்தைப் பார்த்து வருவதில்லை. தலையும் தலையும் முட்டினால் ஏறும். கிளிநொச்சியிலும் ஏறும், கனடாவிலும் ஏறும். அதற்காக ஒரு பிள்ளையை ஒரு நாள்கூட மறிக்கத் தேவையில்லை. நாளைக்கே அனுப்புங்கோ. தாய் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அறிவித்தல் எழுதியவன் தலையாட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்து நாங்கள் போனது என் வகுப்பிலேயே மிகக் கெட்டிக்காரியான பிள்ளையின் வீட்டுக்கு. அந்த வருடம் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தொடங்கிய முதல் பிள்ளை அவள். பதினேழு பாடசாலை நாட்களாக அவளைக் காணவில்லை. தகப்பன் மீன்பிடிக்கப் போகிறவர். ‘கெட்டிக்காரியும் கள்ளம் பழகிவிட்டாள்’ என்று நான் மனதுக்குள் முடிவே கட்டியிருந்தேன்.

வேலிப் படலையடிக்கு வந்ததும் மிஸ் சைக்கிளை நிறுத்தி மூக்கை உயர்த்தினார். ஒரு நொடிதான். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வளவுக்குள் ஓடினார். அந்த வயதில் அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் நினைத்ததில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? விழுந்த அவருடைய சைக்கிளை நிமிர்த்தி, வேலியோடு ஒழுங்காகச் சாத்தினேன்.

அதன் பிறகுதான் எனக்கும் மணந்தது. மண்ணெண்ணெய்.

உள்ளே ஓடிப் பார்த்தேன். வெளியே தனியாக இருந்த சின்னக் குசினி. தாய் மாவுக்குத் தண்ணீர் தெளித்துப் பிசைந்துகொண்டிருந்தார். அந்தப் பிள்ளை அடுப்பின் வாயில் குந்தியிருந்து, குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். தலையைச் சுற்றி ஒரு பழைய சேலைத் துணி. துணி முழுக்க மண்ணெண்ணெய் ஊறி, கழுத்தால் வழிந்துகொண்டிருந்தது. அடுப்பில் பனைமட்டை புகைந்து, அப்போதுதான் பற்றத் தொடங்கியது. மிஸ் ஒரு சத்தமும் போடவில்லை. பின்னாலிருந்து பிள்ளையை இடுப்போடு அள்ளித் தூக்கி, ஒரு சாக்கைத் தூக்குவது போலக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவர் வாசலைத் தாண்டும்போது அடுப்பு ‘பக்’ என்று எரிந்தது.

“சேர், தண்ணி அள்ளுங்கோ! பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ!”

அள்ளினேன். கிணற்றடியில் எத்தனை வாளி அள்ளினேன் என்று தெரியாது. மிஸ் சவுக்காரம் போட்டுப் பிள்ளையின் தலையைத் திரும்பத் திரும்பக் கழுவினார். முடி நனைந்து விலகியபோதுதான் கண்டேன். காதின் பின்புறமும் பிடரியும் சிவந்து, தோல் கொப்புளித்து, சில இடங்களில் சீழ் கட்டியிருந்தது. தாய் தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். மூன்று கிழமையில் நாலு தரம் மண்ணெண்ணெய் வைத்திருக்கிறார். ஒவ்வொரு தரமும் பேன் குறையும், பிறகு ஈர் பொரித்து வரும்.

“முற்றாய்ச் சுத்தமானால்தானே விடுவினம்,” என்று மட்டும் சொன்னார். அது என் வசனம். நான்தான் ‘முற்றாக’ என்ற சொல்லுக்குக் கீழே அடிக்கோடும் போட்டிருந்தேன்.

பிள்ளை குளிரில் நடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ஏழு வயதுப் பிள்ளை ஏன் திட்டப் போகிறது?

“சேர், நரிப் பாடம் படிச்சு முடிச்சிட்டியளோ?”

இல்லை, இன்னும் தொடங்கவில்லை என்று சொன்னேன். பொய். முடித்து ஒரு கிழமை.

வைத்தியசாலைக்குப் போனோம். டொக்டர் புண்களைத் துடைத்து மருந்து போட்டு, குளிசை கொடுத்து, இன்னும் ஒரு கிழமை கழித்து வந்திருந்தால் நிலைமை மோசமாயிருக்கும் என்றார். அடுப்பைப் பற்றி மிஸ் சொன்னதும் அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். புண்ணுக்கு மருந்து பூசவேண்டி முடியைக் கட்டையாக வெட்ட வேண்டியிருந்தது. பிள்ளை அழுதாள். தாயும் அழுதார்.

நான் வெளியே வாங்கில் இருந்தேன். மிஸ் வந்து பக்கத்தில் இருந்தார். நன்றாக ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். ஏசினால் ஆறுதலாயிருக்கும் போலவும் இருந்தது. அவர் ஏசவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை என் காதுக்கு மேலே வேலை செய்துகொண்டிருந்தது.

“எத்தினை நாளாய்ச் சொறியிறியள்?”

“அது பொடுகு மிஸ். இந்த உவர்த் தண்ணி எனக்கு ஒத்துக்கொள்ளுதில்லை.”

“கொஞ்சம் குனியுங்கோ.”

குனிந்தேன். விரல்கள் என் சுருட்டை முடியை விலக்கின. அங்கும் இங்கும் தேடின.

“சேர்,” என்றார் கடைசியில், “உங்கட பொடுகுக்கு ஆறு காலிருக்கு.”

அந்த நாள் முழுக்க நடந்ததற்குப் பிறகு சிரிப்பு வரக்கூடாதுதான். ஆனால் அவருக்கு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மருந்து கட்டும் அறையிலிருந்து ஒரு பணியாளர் எட்டிப் பார்த்தார். எனக்கோ காது கொதித்தது. பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுதப் பழக்கும்போது தலையோடு தலை முட்டத்தானே செய்யும் என்று மிஸ் ஆறுதலாகச் சொன்னார். பிறகு அதே ஆறுதலான குரலில், “உங்கட அறிவித்தலின்படி பாத்தால், நாளைக்கு நீங்கள் பள்ளிக்கூடம் வர ஏலாது,” என்றார்.

அன்று பின்னேரம் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, சுற்றி வளைத்து விசயத்தைச் சொன்னேன். எங்கள் மகளுக்கு அப்போது பத்து மாதம்.

“எல்லாம் போய்ச் சுத்தமாகும் வரைக்கும் வீட்டுப் பக்கம் வராதேங்கோ,” என்றார் மனைவி.

ஏன் வரக்கூடாது, நான் என்ன குற்றவாளியா, என் வீட்டுக்கு நான் வர எனக்கு உரிமையில்லையா என்று ஐந்து நிமிடம் வாதாடினேன். வாதாடிக்கொண்டிருக்கும்போதே அது யாருடைய வசனம் என்று நினைவு வந்தது. அந்தக் கிழமை வெள்ளிக்கிழமைப் படகு நான் இல்லாமல்தான் போனது.

மறுநாள் காலை நான் முதல் செய்த வேலை, வாசலில் இருந்த அறிவித்தலைக் கிழித்தது. பசை நன்றாகப் பிடித்திருந்தது. ‘இத்தால்’ மட்டும் சுவரிலிருந்து வரவே இல்லை, நகத்தால் சுரண்டினேன். அதிபர் வந்து பார்த்தார். இப்போது அவரிடம் மூக்குக் கண்ணாடி இருந்தது. நடந்ததைச் சொன்னேன். மிஸ் கேட்டிருந்த ஒரு காரியத்தையும் சொன்னேன். அதைச் செய்ய ஏலாது, ஆசிரியருக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்றும் சொன்னேன்.

“ஊருக்கெல்லாம் எழுதி ஒட்டினது நீர். நானும் வாசியாமல் விட்டனான், அது என்ரை பிழை,” என்றார் அதிபர். “ஆனால் பேன் உம்மட தலையிலைதானே இருக்கு. போய் இரும்.”

மிஸ் கேட்டது இதுதான்: பிள்ளைகளுக்கு முன்னால் என் தலையை வார வேண்டும்.

பூவரச மரத்தின் கீழ் என்னுடைய கதிரையைக் கொண்டுவந்து போட்டார்கள். தோளில் ஒரு வெள்ளைத் துணி. தலையில் தேங்காய் எண்ணெய். ‘சேருக்குப் பேன்’ என்ற செய்தி இரவோடிரவாகத் தீவு முழுக்கப் போயிருந்தது. வயிற்றுக்குத்துக்காரர், காதுக்குத்துக்காரர், மாடு கன்று போட்ட வீட்டுக்காரர் எல்லோரும் வந்துவிட்டார்கள். மற்ற வகுப்புகளும் வந்தன. வேலிக்கு வெளியே தாய்மார். ஒருவர் கைக்குழந்தையை உயர்த்திப் பிடித்துக் காட்டினார்.

தன் முறை நாள் இல்லாவிட்டாலும் வந்திருந்த மிஸ், பேன் சீப்பை வைத்து ஓர் இழுப்பு இழுத்து, வெள்ளைக் கடதாசியில் தட்டினார்.

“ஒண்டு!” என்று கத்தியது வகுப்பு.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு, மூன்று, நாலு. எண் கணிதத்தை என் பிள்ளைகள் அப்படி ஒரு விருப்பத்தோடு செய்து நான் கண்டதில்லை. ஒன்பதாவது கொஞ்சம் பெரிது. அதற்குக் கைதட்டல் கிடைத்தது. மொட்டைத் தலைப் பெடியன்கள் முன்வரிசையில் இருந்து, அனுபவப்பட்டவர்கள் போலத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று, “பதினைஞ்சு!”

“பதினாலை விட்டிட்டியள்!”

பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல். எல்லோரும் திரும்பினார்கள். தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு வேலியடியில் நின்றாள் அவள். கட்டையாக வெட்டிய முடி, காதின் பின்னால் வெள்ளை மருந்து. உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றவள், பிழை பொறுக்க முடியாமல் கத்திவிட்டாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு சேலைக்குள் முகத்தை ஒளித்தாள்.

“சரி, பிழை விடாமல் எண்ண ஒரு ஆள் வேணும். இஞ்சை வாரும் பிள்ளை,” என்று கூப்பிட்டார் மிஸ்.

வந்தாள். யாரும் அவளுடைய தலையைப் பார்க்கவில்லை. பார்க்க அவர்களுக்கு நேரமில்லை, என் தலையில் அவ்வளவு இருந்தது. கடதாசிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, விரலை நீட்டி, கடைசிவரை எண்ணினாள். நடுவில் ஒருதரம் நான் கழுத்தைத் திருப்பியபோது, “சேர், ஆடாதேங்கோ. எண்ணுறது பிழைக்குது,” என்றாள். எத்தனை என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. மனைவிக்கே இன்னும் சொல்லவில்லை.

என் தலை முடிந்ததும், அடுத்து யார் என்று மிஸ் கேட்டார். பத்துப் பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. எனக்கு வந்தது தங்களுக்கும் வேண்டும் என்பது போல நின்றார்கள். பேன் இல்லாத ஒரு பெடியன், தனக்கு ஒன்றுகூட வரவில்லை என்று அழுதே விட்டான். வேலிக்கு வெளியே நின்ற தாய்மாரை மிஸ் உள்ளே கூப்பிட்டு, எண்ணெய் எப்படிப் பூசுவது, முடியை எப்படிப் பிரித்து வாருவது, எத்தனை நாளுக்கு ஒருக்கால் திரும்பப் பார்ப்பது என்று காட்டிக் கொடுத்தார். மண்ணெண்ணெய்ப் பேச்சே இருக்கக்கூடாது என்றபோது மட்டும் அந்தப் பெரிய குரல் உடைந்து போனது.

அந்த நாள் இடாப்பில் பத்தொன்பது நீலக் கோடு போட்டேன்.

அதற்குப் பிறகும் மிஸ் செவ்வாய்க்கிழமைகளில் வந்தார். வந்ததும் முதலில் இடாப்பைக் கேட்பார். சிவப்பு வட்டம் இருந்தால் சைக்கிளைத் திருப்புவார். நானும் கூடப் போகப் பழகினேன். ‘இப்படிக்கு என்ரை அம்மா’ என்று எழுதிய பெடியனுக்கு உண்மையிலேயே கடைவாய்ப் பல் சூத்தை என்று அப்படிப் போன ஒரு நாளில்தான் தெரிந்தது. பல்லுவலியை எழுத்துக் கூட்டத் தெரியாமல் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறான். நான் எழுத்துப்பிழையைத்தான் பார்த்தேன். நரிப் பாடத்தை அந்தக் கெட்டிக்காரிப் பிள்ளைக்காக முதலிலிருந்து மறுபடி நடத்தினேன். ஏற்கெனவே படித்தவர்களும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டு, என் பொய்யைக் காப்பாற்றினார்கள்.

போன வருடம் எனக்கு வேலணைப் பக்கம் இடமாற்றம் கிடைத்தது. இந்தப் பள்ளித் தவணை தொடங்கி இரண்டாம் கிழமை, ஒரு தாய் மகளைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு என்னிடம் தனியாக வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “சேர், பிள்ளைக்குத் தலையிலை... கொஞ்ச நாள் வீட்டிலை வைச்சிருக்கட்டோ?” என்றார்.

“உள்ளை விடுங்கோ அக்கா,” என்றேன். “எனக்கும் வந்ததுதான்.”

அவர் என் தலையைப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனார். இப்போது அங்கே முடி அதிகமில்லை, அது வயதால். ஆனால் பிள்ளை உள்ளே வந்துவிட்டது, இரண்டாவது வாங்கில் போய் இருந்துவிட்டது. ஒரு பிள்ளையை வராதே என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசி போதும். ஏன் வரவில்லை என்று அறிய அதன் வீட்டு வாசல்வரை போக வேண்டும் என்பதை நான் எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் படிக்கவில்லை, அதைப் படிப்பிக்க ஒரு தாதி எனக்கு முன்னால் சைக்கிளில் போக வேண்டியிருந்தது.